பழைய பூங்காவும் முற்றவெளியும்

யாழ்ப்பாண நகரில் பூங்கா என்ற பெயரை நெடுங்காலம் தாங்கிநிற்கும் இடம் கண்டி வீதியிலுள்ள பழைய பூங்காவாகும். பெயரை நம்பி அதனை மக்கள் பூங்காவெனக் கொள்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. 1829இல் யாழ்ப்பாணத்தின் கலெக்டராகி, 1833இல் மாகாணங்கள் வகுக்கப்பட்டபின் வடமாகாண அரசாங்க அதிபராக, இடையிற் சிறுகாலம் நீங்கலாக 1867இல் இறக்கும்வரை அதிகாரஞ் செலுத்தியவர் பேர்சிவல் அக்லண்ட் டைக். அவர் தம் வாசத்தலத்தைச் சூழ மரம் நட்டு வளர்த்த தோட்டமே அது. 'வடக்கின் இராசா' எனப்பட்டவருக்கு ஒரு சோலை இருந்ததில் வியப்பில்லை. அவருக்குப் பின்வந்த அதிபர்களும் அங்கேயே வாழ்ந்தனர். அந்நிழல் பதவிக்குரியதாயிருந்தது.

மக்களுக்குரிய வெளி கோட்டையின் முன்னே உருவாயிற்று. பீரங்கிக் குறிக்கு மறைப்பிருத்தலாகாது என்பதற்காகக் கோட்டைச்சூழலை வெறுமையாக விடுவது ஐரோப்பியர் கோட்டையமைப்பின் நியதி. சுடுவதற்கென வெட்டையாக்கப்பட்ட அந்நிலத்துக்கு மக்கள் இட்ட பெயரோ வீட்டுக்குரியது: முற்றவெளி. விளையாட்டும் அரசியற் கூட்டங்களும் அங்கு நிகழ்ந்தன. பொதுநூலகமும் வீரசிங்கம் மண்டபமும் அதன் அயலில் எழுந்தன.

அதிகாரத்தின் சோலைவாயிலுக்கு மக்கள் திரண்டுவந்த காலம் 1961. தனிச்சிங்கள நிருவாகத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. பெண்கள் பெருந்தொகையினராக வீதியில் அமர்ந்தமை நம் சமூக வரலாற்றில் தனித்து ஆராயப்படவேண்டியது. தலைவர்களின் உரைகளே இதுவரை மிகுதியும் பேசப்பட்டுள்ளன. ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம் பிறந்தது. மறுநாள் இராணுவம் அவர்களை அகற்றியது.

முற்றவெளிக்குரிய அடி 1974இல் விழுந்தது. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டம், ஜனவரி 10ஆம் நாள் இரவு, வீரசிங்கம் மண்டபத்தின் முன் திறந்தவெளியில் நடைபெற்றது. தமிழறிஞரின் உரையைக் கேட்கத் தரையில் அமர்ந்திருந்த சனத்திரளினுள் பொலிசார் புகுந்தனர், கண்ணீர்ப்புகை வீசினர், துப்பாக்கியும் வெடித்தது. மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது உயிர்கள் போயின. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் தலைமையிலான உத்தியோகப்பற்றற்ற ஆணைக்குழு இதற்குப் பொலிசாரையே பொறுப்பாளிகளாகக் கண்டது. ஏழாண்டுகளின் பின், 1981இல், அருகிருந்த நூலகம் எரிக்கப்பட்டது. வெளியொன்று மக்களுடையதாகும்போது அது எவருக்கு அச்சந்தருகின்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

போரிற் சிதைந்த கச்சேரியின் சுவர்கள் இன்று பழைய பூங்காவின் மரங்களிடையே நிற்கின்றன. முற்றவெளியருகே ஒன்பதின்மருக்கான நினைவிடத்தில் ஆண்டுதோறும் ஜனவரி 10இல் விளக்கேற்றுகின்றனர்.