தமிழ்நாட்டில் வெளிநாட்டு மாணவர் உதவிச் சேவைகள்

வெளிநாட்டு மாணவர் உதவிச் சேவைகள் என்பன, பிற நாடுகளிலிருந்து வந்து பயிலும் மாணவர்களுக்குச் சேர்க்கை, நுழைவிசைவு, காவல்துறைப் பதிவு, தங்குமிடம், மருத்துவம், மொழி ஆகியவற்றில் பல்கலைக்கழகங்களும் அரசு அமைப்புகளும் செய்து தரும் உதவிகளைக் குறிக்கும். இவ்வுதவிகளை ஒருங்கிணைக்கும் பிரிவு, வெளிநாட்டு மாணவர் பிரிவு என்றோ பன்னாட்டு உறவுகள் அலுவலகம் என்றோ அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென உள்ள மையம் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். சென்னைக்கு வெளியே, குறிப்பாகத் திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில், இச்சேவைகளின் வடிவம் சற்று வேறுபட்டது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அயல்நாட்டு மாணவர் வருகை பெருகியதை அடுத்து, 1948இல் வெளிநாட்டு மாணவர் ஆலோசகர்களின் தேசிய சங்கம் தோன்றியது. மாணவர் ஆலோசகர் என்பது தனித் தொழிலாக வளர்ந்ததில் இச்சங்கத்துக்கு முக்கிய பங்குண்டு. இந்தியாவில் 1950இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நிறுவிய இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான கழகம், உதவித்தொகை பெற்று வரும் மாணவர்களின் பொறுப்பை ஏற்றது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களே இதன் பயனாளிகளுள் பெரும்பாலோர்.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே தனி அலுவலகம் வேண்டும் என்ற கருத்து இந்தியாவில் மெதுவாகவே வலுப்பெற்றது. வெளிநாட்டு மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் அவர்களை வரவேற்று உதவ ஓர் அலுவலகம் அமைய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2022இல், அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேலாக 25 விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவருக்கு இடம் உருவாக்கிக்கொள்ள அக்குழு இசைவளித்தது. எனினும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22இல் நாடு முழுவதும் பயின்ற வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர் மட்டுமே. இவர்களில் நான்கில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். நேபாள, பூட்டான் குடிமக்களுக்கு இந்தியாவுக்குள் வர நுழைவிசைவு தேவையில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பதிவு நடைமுறை

புதிதாக வரும் மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது பதிவு நடைமுறையே. பிற உதவிகள் தாமதமானால் சிரமம் மட்டுமே நேரும். பதிவு தவறினால் படிப்பே தடைப்படலாம். 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் நுழைவிசைவில் வருபவர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் இதற்கெனத் தனி மண்டல அலுவலகம் உள்ளது. மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே பதிவு அலுவலராகச் செயல்படுவது வழக்கம். ஆகவே திண்டுக்கல்லில் படிக்க வரும் ஓர் ஆப்பிரிக்க மாணவருக்கு, கல்லூரி முதல்வருக்கு அடுத்து அறிமுகமாகும் அரசு அலுவலகம் பெரும்பாலும் காவல்துறையாகவே இருந்தது. தாய்நாட்டில் காவல் நிலையத்தின் பக்கமே போகாதவருக்கு இது எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உடன் செல்ல ஓர் ஆசிரியரையோ அலுவலரையோ அனுப்புவதே இவ்வகையில் ஒரு கல்லூரி செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள உதவியாகும்.

2018இல் இணையவழிப் பதிவு அறிமுகமான பின்னர் பெரும்பாலான பணிகளுக்கு நேரில் செல்லும் தேவை குறைந்தது. ஆனால் தங்குமிடச் சான்று, கல்வி நிறுவனத்தின் சேர்க்கைச் சான்று ஆகியவற்றை நிறுவனமே தர வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதியோ வீட்டு உரிமையாளரோ 24 மணி நேரத்திற்குள் அதற்குரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நடைமுறையை அறியாத சிற்றூர் வீட்டு உரிமையாளர்கள் வெளிநாட்டவருக்கு வீடு தரவே தயங்குவதுண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களை நீக்கியது. தாம் சேர்த்துக்கொள்ளும் வெளிநாட்டு மாணவர் பற்றிய விவரங்களைப் பல்கலைக்கழகங்கள் தெரிவிக்க வேண்டும் என்பதை இது சட்டக் கடமையாகவே ஆக்கியுள்ளது.

மாணவர் நுழைவிசைவில் வந்தவர் வேலைக்குச் செல்ல அனுமதி இல்லை. கல்வி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளவும் முன் இசைவு பெற வேண்டும். ஆகையால் பணமுடை ஏற்படும்போது மாணவருக்கு வேறு வழிகள் குறைவு. உதவித்தொகை தாமதமாகும் காலங்களில் கட்டணத் தவணையை நீட்டித்தல் போன்ற ஏற்பாடுகளை நிறுவனம் செய்து தந்தால் அது பெரிய உதவியாகும்.

திண்டுக்கல் பகுதி

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளியில் அமைந்த முதன்மையான உயர்கல்வி நிறுவனம் காந்திகிராம ஊரக நிறுவனம் ஆகும். டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்திலிருந்து 1956இல் இது உருவானது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்-மதுரை வழியில் சின்னாளப்பட்டியை ஒட்டி அமைந்த இவ்வளாகத்துக்கு மிக அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் அம்பாத்துரை. வானூர்தி நிலையம் மதுரை.

இத்தகைய ஊரக வளாகங்களுக்கு வருபவரின் தேவைகள் பெருநகர மாணவரின் தேவைகள் அல்ல. உள்ளூர்ப் பேருந்துகளின் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் தமிழிலேயே உள்ளன. கடைத்தெருவில் ஆங்கிலம் ஓரளவே செல்லும். ஊரக வளர்ச்சி போன்ற துறைகளில் களப்பணி பாடத்தின் பகுதி என்பதால், தமிழ் அறியாதவர் கிராமத்தில் வினாப்பட்டியலை நிரப்பவே துணை தேவைப்படும். இங்கு பேச்சுத் தமிழைச் சில வாரங்கள் கற்பிப்பது அழகுக்கான கூடுதல் பாடம் அன்று, படிப்புக்கே தேவையானது. விடுதி உணவும் அவ்வாறே. மூன்று வேளையும் அரிசியும் மிளகாயும் பழகாத வயிற்றுக்கு முதல் மாதம் கடினமானது. திண்டுக்கல் பிரியாணியின் புகழ் அதற்குப் பிறகே புரியும்.

முகாம் மாணவர்கள்

தமிழ்நாட்டில் இப்பொருளைப் பற்றி எழுதும்போது பெரும்பாலும் விடுபடுபவர்கள் இலங்கைத் தமிழ் ஏதிலியர் குடும்பத்து மாணவர்கள். சட்டப்படி இவர்களும் வெளிநாட்டவரே. ஆனால் 1983க்குப் பின் வந்தவர்களின் பிள்ளைகளுள் பலர் தமிழ்நாட்டிலேயே பிறந்து, தமிழ்வழியில் படித்தவர்கள். இவர்களிடம் மாணவர் நுழைவிசைவு இல்லை. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைச் செலுத்தும் நிலையும் இல்லை. ஆகவே நுழைவிசைவை அடிப்படையாகக் கொண்ட உதவி அமைப்பு இவர்களை எட்டுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்தில் அளித்த கணக்கின்படி 29 மாவட்டங்களில் உள்ள 108 முகாம்களில் 58,822 பேர் வசித்தனர். திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து அவற்றுள் ஒன்று. இங்கு 321 புதிய வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டன.

முகாம் மாணவருக்காகக் கல்லூரிகளிடமும் அரசிடமும் தொடர்ந்து பேசிவந்த அமைப்புகளுள் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முதன்மையானது. செல்வநாயகத்தின் மகன் எஸ். சி. சந்திரகாசன் இதனை 1984இல் நிறுவினார். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் முகாம் மாணவரின் உயர்கல்வி வாய்ப்புகள் கடுமையாகச் சுருங்கின. 1996க்குப் பின் மீண்டும் திறந்தன. ஒரே குடும்பத்தில் அண்ணன் படிக்க முடியாமலும் தம்பி படித்தும் போனது இக்கால வேறுபாட்டால்தான். 2021இல் அரசு அறிவித்த திட்டத்தில், பொறியியல் பயிலும் முகாம் மாணவருள் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேருக்குக் கல்வி, விடுதிக் கட்டணங்கள் ஏற்கப்படும் என்பது இடம்பெற்றது. அதே ஆண்டில் முகாம்களின் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது.

2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025இல் நடுவண் அரசு விலக்களித்தது. இவ்விலக்கு குடியுரிமை ஆகாது. பட்டம் பெற்றபின் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்பதும் வெளிநாடு செல்வதும் இவர்களுக்கு இன்னும் கடினமாகவே உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

காந்திகிராம ஊரக நிறுவனம்
இந்தியப் பண்பாட்டு உறவுகளுக்கான கழகம்
தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழ் ஏதிலியர்