1883ன் அந்திகள்

1883 ஆகஸ்ட் 27ல் சுந்தா ஜலசந்தியில் கிராகடோவா எரிமலை வெடித்துச் சிதறியது. தூசியும் கந்தகப் புகையும் மேல்வானில் உலகெங்கும் பரவின. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. நவம்பரில் அமெரிக்காவில் அந்திச் சிவப்பைத் தீ என்றெண்ணித் தீயணைப்பு வண்டிகள் ஓடின.

அந்தி சிவப்பதன் காரணத்தை 1871லேயே ராலே விளக்கியிருந்தார். காற்றிலுள்ள நுண்துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கின்றன. சாய்ந்து வரும் கதிர் நெடுந்தூரம் காற்றைக் கடப்பதால் நீலம் வழியிலேயே உதிர்ந்து சிவப்பு எஞ்சுகிறது.

ஆனால் 1883ன் சிவப்பு வேறு. அந்த வேற்றுமையை ஒவ்வொன்றாகப் பிரித்து 'நேச்சர்' இதழுக்கு எழுதியவர் ஒரு கவிஞர்: ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ். தோன்றும் நேரமும் இடமும் வேறு. நிறம் அடர்ந்தது, ஆனால் பளபளப்பற்றது என்றார். 1884 ஜனவரியிலேயே கடிதம் அச்சாயிற்று. கவிதைகள் தொகுதியாக வர 1918 ஆயிற்று. அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து.

அவர் கவிதைக்குக் காத்திருந்த உலகம் அவர் கண்ணை உடனே நம்பியது. நாம் 'செவ்வானம்' என்று எழுதிவிடுகிறோம், வானத்தைப் பாராமலே. மாலையில் கணக்கை முடித்து வெளியே வருகிற என் பேரேட்டிலும் ஓர் அந்திகூடப் பதிவாகவில்லை.