பிளேடு, தவளை, திருவக்கரைக் கல்மரம்

விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரி வந்தது 1968-ல். திண்டிவனத்தில் 1969-ல். ஒன்றுக்கு அறிஞர் அண்ணாவின் பெயர். மற்றதற்கு அவர் அமைச்சரவையில் வேளாண்துறையைக் கவனித்த கோவிந்தசாமி அவர்களின் பெயர். அதற்கு முன்னால் தென்னார்க்காட்டின் இந்த வடக்குப் பகுதியில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் சென்னை, அண்ணாமலை நகர் போன்ற வெளியூர்களுக்குப் போக வேண்டும். ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட வேண்டும். எத்தனை வீட்டில் முடியும்? ஆகவே மைக்ராஸ்கோப்பைக் கண்ணால் பார்ப்பது என்பதே நம்மில் பலருக்குக் கல்லூரிக்கு வந்த பிறகு கிடைத்த பேறு. இந்த மலரில் ஆசிரியர்களைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதுவார்கள். நான் பிராக்டிகல் வகுப்பின் வரலாற்றை எழுதுகிறேன்.

நாம் தவளையையும் கரப்பான் பூச்சியையும் ஏன் அறுத்தோம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இருந்தது, அறுத்தோம். அந்த வழக்கத்துக்கு ஒரு மூலம் இருக்கிறது. இங்கிலாந்தில் டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லி, 1870-களின் தொடக்கத்தில் லண்டனில் பள்ளி ஆசிரியர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்தினார். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரே ஒரு மாதிரி உயிரியை எடுத்து, அதை நன்றாகப் பார், வரை, அறு என்பது அவர் முறை. 1875-ல் மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து அதைப் புத்தகமாகவே போட்டார். ஈஸ்ட், அமீபா, பெரணி, அவரைச் செடி, ஹைட்ரா, நன்னீர் நண்டினம், கடைசியில் தவளை. வரிசையைப் படித்தால் நம் ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கம் போலவே இருக்கும்! அங்கிருந்த நன்னீர் நண்டினம் இங்கே இறாலாகவும் கரப்பானாகவும் மாறியது, அவ்வளவுதான்.

தாவரவியலில் செக்ஷன் போடுவதுதான் தலையாய வித்தை. தண்டைத் தக்கைத் துண்டுக்குள் வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பாகச் சீவி, வாட்ச் கிளாஸ் தண்ணீரில் விட வேண்டும். முப்பது சீவலில் ஒன்று தேறும். அதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் ஏற்றி, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து, கவர்ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்க்க வேண்டும். காற்றுக் குமிழி வந்தால் போச்சு. "தம்பி, கண்ணாடி மாதிரி வரணும்பா. இது கத்திரிக்காய்ப் பொரியலுக்கா நறுக்குற?" என்பார்கள். வேதியியலில் உப்புப் பகுப்பாய்வு. கிப் உபகரணத்தின் அழுகிய முட்டை நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வரும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சியதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் பயந்து போகிறார்கள். பயப்படுவதும் சரிதான்.

1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரி விஞ்ஞானத்துக்குத் தமிழில் புத்தகங்கள் கொண்டுவந்தது. "குறுக்கு வெட்டுத் தோற்றம்" என்று படித்து, "டி.எஸ்." என்று பேசி, ஸ்பாட்டர் தேர்வில் இரண்டையும் கலந்து எழுதிய தலைமுறை நம்முடையது. கலப்படம் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. சைலம் எது, புளோயம் எது என்று கை காட்டத் தெரிந்தவனுக்கு எந்த மொழியில் சொன்னால் என்ன?

லேபுக்கு வெளியே நமக்குக் கிடைத்தது, பெரிய நகரத்துக் கல்லூரிகளுக்குக் கிடைக்காத செல்வம். முதலில் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகாதவர் நம் பக்கத்தில் குறைவு. ஆனால் பக்கத்திலேயே செம்மண் மேட்டில் கிடக்கும் கல்மரங்களை நின்று பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனெரா 1781-லேயே அவற்றைக் குறித்து வைத்தார். வயது சுமார் 2 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டுத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகிறது. ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. நல்லதாய்ப் போயிற்று, எடுக்க முடியாத இடத்தில்தான் மனிதன் ஒழுங்காகப் பார்க்கிறான்.

பார்த்தால் முதலில் தட்டுப்படுவது, இல்லாத ஒன்று. அடிமரங்கள் மீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கின்றன. ஆனால் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. "மத்ததெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டால் மாணவன் யோசிக்க ஆரம்பிப்பான். சுற்றியுள்ள மணற்பாறையில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் இருப்பதைக் காட்டினால் பாதி விடை வந்துவிடும். அவை அங்கே வளர்ந்த மரங்கள் அல்ல. எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை. பிறகு நீரில் கரைந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் புகுந்து கல்லாக்கியது. அந்தக் கல்லை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சைலக்குழாயும் கதிரும் பாரன்கைமாவும் அப்படியே தெரியும். சி.ஜி.கே. ராமானுஜம் தென்னிந்தியக் கல்மரங்களைப் பற்றி 1960-ல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படை இதுதான். புளியும் அவரையும் சேர்ந்த குடும்பத்து மரங்கள் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. நாம் பிளேடால் சீவிய டி.எஸ்.-க்கும் அதற்கும் முறையில் வேற்றுமை இல்லை. ஒன்று பச்சைத் தண்டு, மற்றது பாறை. புளியங்காடு என்ற பொருளில் "திந்திரிணி வனம்" என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊருக்குப் பக்கத்தில் இது கிடைத்தது பொருத்தம்தானே!

இரண்டாவது, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்களில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கும். 1940-ல் வெளியான டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துரகத்திலிருந்து கூட்டுத்தேர்வு முறையில் பிரித்தெடுத்தது. தேர்வு என்பது என்ன என்று புரிய அந்த ஒரு ரகம் போதும். பூ மேலே பூத்து, காம்பு கீழே இறங்கி, மண்ணுக்குள் காய்ப்பதை வரப்பில் உட்கார்ந்து பார்க்கலாம். வேர் முண்டை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நைட்ரஜன் வேலை நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். விவசாயி வீட்டுப் பையன் இந்த இடத்தில் வாத்தியாருக்கே சொல்லிக் கொடுப்பான்.

மூன்றாவது, மரக்காணம் பக்கத்துக் கழுவேலி. மழைக்காலத்தில் நல்ல தண்ணீர், கோடையில் உப்பு. கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்பது புத்தகக் கணக்கு. கழுவேலியில் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். பாட்டிலில் நீர் எடுத்து வந்து, பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டு, சில்வர் நைட்ரேட்டால் டைட்ரேஷன் செய்தால், மஞ்சள் செங்கல் நிறமாகத் திரும்பும் இடத்தில் விடை. விரல் ஒரு வாரம் கறுப்பாகவே இருக்கும். 1856-ல் மோர் சொன்ன முறை. ஏரியும் லேபும் ஒரே கணக்கில் சந்திப்பது இங்கேதான்.

பிறகு காலம் மாறியது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-ல் தடை செய்தது. விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-ல் வழிகாட்டியது; 2014-ல் நிறுத்தவே சொல்லிவிட்டது. தவளை தப்பித்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஒரே பேட்சுக்குப் பாத்திரம் நிறையத் தவளை என்பது அநியாயம். ஆனால் அதன் இடத்தில் படத்தை மட்டும் வைத்துவிட்டு, வயலுக்கும் ஏரிக்கும் அழைத்துப் போகாமல் இருப்பது இன்னொரு அநியாயம். ஏரிக்கு பஸ் கட்டணம்தான் செலவு.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. கழுவேலியில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. முன்பு அங்கே உப்பு எவ்வளவு, எந்தச் செடி எங்கே நின்றது என்று இன்று கேட்பவர்களுக்கு நம் பழைய ரெக்கார்டு நோட்டும் ஹெர்பேரியம் தாளும் சாட்சியாக உதவலாம். அவை நம் வீட்டுப் பரண்களில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, சந்திப்புக்கு வரும்போது அவற்றை எடுத்து வாருங்கள். கொண்டுவரும் முன் தாளின் வலது மூலையைப் பாருங்கள். ஊர் பெயரும் தேதியும் இருந்தால் அது பயன்படும். அழிந்திருந்தால், எந்த வரப்பில் பறித்தீர்கள், எந்த மாதம் என்பது நினைவிருக்கும்வரை பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.