தஞ்சாவூர் கவிராயரின் நாலு புகார்கள்

"கர்த்தர் வேணும், சர்ச் வேணாம்"னு சொல்ற ஃப்ரெண்ட்ஸ் எனக்கு நாலஞ்சு பேர் இருக்காங்க. உங்களுக்கும் இருப்பாங்க. இது ஏதோ நம்ம தலைமுறை கண்டுபிடிச்ச மனநிலைன்னு வீட்டுப் பெரியவங்க நினைக்கிறாங்க. கிட்டத்தட்ட 200 வருஷத்துக்கு முன்னாடியே தஞ்சாவூர்ல ஒரு பெரிய மனுஷர் இதே மாதிரி மனசு உடைஞ்சு நின்னிருக்கார். பெயர் வேதநாயகம் சாஸ்திரியார்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் வேற ஆள், அடுத்த தலைமுறை. நம்மவர் 1774-ல பிறந்தவர். திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளக் கிறிஸ்தவக் குடும்பம். பன்னிரண்டு வயசு வாக்கில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டு வந்து படிக்க வைக்கிறார். (கிறிஸ்தவத் தமிழில் 'ஐயர்' என்றால் பாதிரியார். சாதி இல்லை.) சுவார்ட்ஸ் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி. அதே சுவார்ட்ஸோட பாதுகாப்பில் வளர்ந்த இன்னொரு பையன்தான் பிற்பாடு தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. ஒருத்தர் ராஜா ஆனார், இன்னொருத்தர் கவிராயர் ஆனார். ரெண்டு பேருக்குமே சுவார்ட்ஸ் அப்பா மாதிரி.

சாஸ்திரியார் சாதாரணமா நாலு பாட்டு கட்டினவர் இல்லை. குறவஞ்சி, நொண்டி நாடகம்னு தமிழில் ஏற்கெனவே இருந்த வடிவங்களை எடுத்து, உள்ளே பைபிளை வைத்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' அப்படி வந்ததுதான். ராகம், தாளம் போட்ட கீர்த்தனைகளாக எழுதினார். அதுவரை தேவாலயத்தில் ஜெர்மன் மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள்தான் அதிகம்.

சுவார்ட்ஸ் 1798-ல் இறந்துபோகிறார். 1820-களில் தஞ்சாவூர் மிஷன் வேற நிர்வாகத்துக்குக் கைமாறுது. எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேயச் சங்கத்திடமிருந்து எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு சங்கத்துக்கு. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கினா என்ன ஆகும்? புது மேனேஜர் வருவார், "இதை ஏன் இப்படிச் செய்றீங்க?"ன்னு கேட்பார். இங்கே அப்படி வந்தவர் ஹௌப்ரோ என்ற மிஷனரி. 1829 வாக்கில் சண்டை முற்றுது. தஞ்சாவூர் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் மிஷனரிகள் செய்த கொடுமைகள் என்று நாலு விஷயத்தைப் பட்டியல் போடுகிறார்கள். அந்தத் தரப்பின் முக்கியக் குரல் நம்ம சாஸ்திரியார்.

முதல் புகார், வேதாகமத்தை மாத்துறாங்க. ஃபப்ரீஷியஸ் செய்த பழைய மொழிபெயர்ப்பைப் பாளையங்கோட்டையில் ரேனியஸ் திருத்திக்கொண்டிருந்தார். சின்ன வயசிலிருந்து மனப்பாடமா வைத்திருந்த வசனம் திடீர்னு வேற வார்த்தையில் வந்தா ஒரு கவிஞருக்கு எப்படி இருக்கும்? இன்னொன்று பூ. பண்டிகை, கல்யாணம், சாவு எதிலும் பூ கூடாது என்று தடை. அப்புறம் பாட்டு. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து எடுத்துட்டாங்க. ஆயுசு முழுக்க எதைச் செய்தாரோ அதையே "இது வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. அப்போ அவருக்கு 55 வயசு.

இதுவரைக்கும் நான் முழுசா அவர் பக்கம். நாலாவது புகார்தான் தொண்டையில் சிக்குது. சுவார்ட்ஸ் காலத்துத் தேவாலயத்தில் வெள்ளாளர் ஒரு பக்கம், இன்று நாம் தலித் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். கூரை ஒன்று, இடம் வேற. நற்கருணையிலும் முன்னே பின்னேதான். புது மிஷனரிகள் எல்லாரும் கலந்து உட்காரணும் என்றார்கள். அதையும் சாஸ்திரியார் தரப்பு கொடுமை என்றே எழுதியது. சாதி என்பது உலக வழக்கம், மதம் இல்லை, ஐரோப்பியர்களிடமும் மேல் கீழ் இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். கடைசிப் பகுதி உண்மைதான். துரைகள் பெரும்பாலும் தமிழர்களைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிட்டதில்லை. ஆனா அதற்காக இந்தப் பக்கத்து அநியாயம் நியாயமாகிடாது. அந்த இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இந்தப் புகார்ப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

நான் கோடு எழுதுறவன். எனக்கு இதைப் பார்த்தா நாலு மாற்றத்தை ஒரே கமிட்டில் தள்ளினது மாதிரி இருக்கு. தனித்தனியா ஏற்கவும் முடியாது, தனித்தனியா திருப்பவும் முடியாது. மிஷனரிகளுக்குப் பூ, ராகம், சாதி எல்லாமே 'உள்ளூர்ப் பழக்கம்' என்ற ஒரே டப்பா. அந்த டப்பாவை அப்படியே தூக்கிப் போட்டார்கள். சாஸ்திரியாரும் அதே டப்பாவை அப்படியே கட்டிப்பிடிச்சுக்கிட்டார். பாட்டு வேணும், ஆனா பிரிச்சு உட்காரவைக்கிறது வேண்டாம் என்று சொல்ல ரெண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.

1833-ல் பிஷப் டேனியல் வில்சன் கடிதமே போட்டார், சபைக்குள் சாதி வித்தியாசம் இனி அடியோடு கூடாது என்று. நிறைய வெள்ளாளக் குடும்பங்கள் சபையை விட்டு வெளியேறின. சென்னை வேப்பேரியில் வெளியே வந்தவர்கள் தனியா ஆராதனை நடத்தினார்கள்.

சாஸ்திரியாருக்கு வேற வழிகள் இருந்தன. மிஷனோடு மோதின அவருக்கு ஆதரவு கொடுத்தது தஞ்சை அரண்மனை. சரபோஜி இந்து மன்னர். ஆனா தேவாலயத்தில் சுவார்ட்ஸ் நினைவாகப் பளிங்குச் சிற்பம் வைத்தவர். பெரிய கோயில் சுவாமி மேல ஒரு பாட்டு பாடச் சொல்லி ராஜா கேட்டார், கவிராயர் மறுத்துட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது எந்த அளவுக்கு நடந்ததோ, அவர் எழுதினது என்னவோ கடைசி வரைக்கும் இயேசுவைப் பற்றித்தான். சபை ஆராதனையில் இடமில்லாத பாட்டை வெளியே பாடினார். அவர் சந்ததியினர் அந்தக் கதாகாலட்சேப மரபைப் பிற்காலத்திலும் விடலை.

அப்புறம் 1853. மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்ப் பாட்டுகளைத் தேடித் தொகுத்து ஒரு கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். அதில் சாஸ்திரியார் பாட்டுகள் ஏராளம். கவனிங்க, அதைச் செய்தது அவரோட சொந்தச் சபை இல்லை. 80 வயசை நெருங்கும்போது தன் பாட்டைப் புத்தகமாகப் பார்த்தார். 1864-ல் காலமானார்.

அந்தப் புத்தகம்தான் வளர்ந்து வளர்ந்து இன்னைக்குத் தமிழ்ச் சபைகளில் 'கீர்த்தனை' என்று எல்லார் கையிலும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் யார் பக்கத்தில் யார் வேணும்னாலும் உட்கார்ந்து அதைப் பாடலாம். அவர் தரப்பு இன்னொரு பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளும் அதையேதான் பாடுறாங்க.