மாநிலங்களின் அயலுறவு

ஒரு தேசத்தின் அங்கமாகிய மாநிலமோ மாகாணமோ, அந்நிய அரசுகளோடும் ஸ்தாபனங்களோடும் தானே வைத்துக்கொள்ளும் சம்பந்தம் மாநில அயலுறவு எனப்படும். கனடாவின் கியூபெக், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் வெளிநாட்டாரோடும் தானே பேசும் என்று 1965இல் பிரகடனம் செய்தது. பெல்ஜியத்தின் வலோனியா, 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் கனடாவோடு செய்யவிருந்த வர்த்தக உடன்படிக்கையையே சில நாள் தடுத்து நிறுத்தியது.

இந்திய அரசியல் சாசனம் அவ்வளவு இடங்கொடுக்கவில்லை. அயல்நாட்டு விவகாரமும் உடன்படிக்கையும் மத்தியப் பட்டியலில் அடங்கியவை. 293ஆம் ஷரத்தின்படி மாநிலம் கடன் வாங்குவதும் இந்தியாவுக்குள்ளேதான். இந்த வரம்பு புதிதன்று. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் வாரியம் வகுத்து, அவற்றுக்கு ஆள் தேரும் குடவோலை முறையை அத்தனை நுட்பமாக விதித்த உத்திரமேரூர்ச் சபையின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் அயலுறவுக்கு வாரியம் கிடையாது. அயலுறவு அரசனாகிய பராந்தக சோழனின் காரியம்.

ஆனால் சாசனத்தின் எழுத்து வேறு, நடைமுறை வேறு. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, அதே காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில், தமிழக அரசோடு 2008இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் எழுந்த ரெனோ-நிஸான் மோட்டார்த் தொழிற்சாலை 2010இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒப்புக்கொண்ட சலுகைத் தொகை முழுவதும் வந்து சேரவில்லை என்று கருதிய நிஸான், 2017இல் இந்திய-ஜப்பானியப் பொருளாதார உடன்படிக்கையின்கீழ் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டுச் சர்வதேச மத்தியஸ்தத்தை நாடியபோது, பிரதிவாதியாக நின்றது வாக்களித்த மாநிலமன்று, இந்திய தேசம். 2020இல் சமரசம் ஏற்பட்டது. வாக்குக் கொடுப்பவர் ஒருவர், வழக்குக்குப் பதில் சொல்பவர் மற்றொருவர் என்னும் இவ்விசித்திரத்தை விதிவிலக்கென்று தள்ளிவிட முடியாது. முதலீட்டாளர் மாநாடுகளைக் கூட்டும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இது பொருந்தும்.

நேர்மாறான உதாரணம், இலங்கையின் வசமான கச்சத்தீவு. இலங்கையோடு 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களைச் செய்தது டெல்லி. அவற்றின் பலனை அனுபவிப்பவர் இராமேசுவரத்து மீனவர்.

மாநிலமே முன்வந்த சந்தர்ப்பமும் உண்டு. இலங்கை 2022இல் பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்தபோது, 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் தமிழகத்தின் சார்பில் அனுப்ப மத்திய அரசின் அனுமதி கோரி, ஏப்ரல் 29 அன்று சட்டசபை ஏகமனதாகத் தீர்மானித்தது. அனுமதியும் கிடைத்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் 9,000 டன் அரிசியோடு புறப்பட்டது; கொழும்பில் அதனை இலங்கை அரசிடம் முறைப்படி ஒப்படைத்தவர் இந்திய ஹைகமிஷனர்.