படுக்க இடமும் படிக்க இடமும்

சங்கத்து மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, 'பள்ளி' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. நம்ம பிள்ளைகள் தினமும் வாயில் சொல்லும் சொல்தான். பள்ளி என்றால் முதலில் படுக்கை. பெருமாள் பள்ளி கொண்டார் என்கிறோம் அல்லவா? பிறகு சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்கு அது பெயராயிற்று. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் கல்லில் வெட்டிய படுக்கைகளும், அருகே தமிழ் பிராமி எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. முனிவர்கள் தங்கிய இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததால், படிக்கும் இடமும் பள்ளியாயிற்று என்பர் அறிஞர்.

எங்கள் சமயத்தில் தானம் நான்கு: உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம். சாத்திர தானம் தனியாக நிற்காது. சோறும் படுக்க இடமும் கிடைத்தவனுக்குத்தான் ஏடு பயன்படும். இதை மறந்த காலத்தில் எத்தனை இளைஞர்கள் கல்லூரி வாசலுக்கு வெளியே நின்றார்கள் என்பதை வரலாறு காட்டுகிறது.

சென்னைக் கணக்கு

1857 ஜனவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகமும், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகமும் பிறந்தன. வாசல் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. உள்ளே போனவர்கள் யார்? நான் வியாபாரி; கணக்கைப் பார்த்தால்தான் எனக்கு விஷயம் பிடிபடும். 1901 முதல் 1911 வரையிலான பத்தாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களில் பிராமணர் 4,074 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 1,035. இந்தியக் கிறிஸ்தவர் 306, முஸ்லிம்கள் 69, ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் 225. மாகாண மக்கள்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர் அளவே இருந்த ஒரு வகுப்பார் பட்டங்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் பெற்றிருந்தனர்.

அவர்கள் படித்ததைக் குறையாகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஏட்டோடு பழகிய குடும்பங்கள்; பட்டணத்தில் தங்க ஒரு உறவுக்காரர் வீடும் பலருக்கு இருந்தது. உழவனின் மகனுக்கும் செட்டியார் கடைப் பையனுக்கும் அது ஏது? சென்னைக்கு வந்தாலும் தங்க இடமில்லை, உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. விடுதிகளிலும் உணவகங்களிலும் சாதி பார்த்த காலம் அது.

இதைக் கண்டு முதலில் செயலில் இறங்கியவர் டாக்டர் சி. நடேச முதலியார். 1912-இல் திராவிடர் சங்கம் வளர்த்த அவர், திருவல்லிக்கேணியில் வெளியூர் மாணவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர். 1916 டிசம்பரில் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை, 1920-இல் அமைந்த நீதிக்கட்சி ஆட்சி, 1921 முதல் வந்த வகுப்புவாரி ஆணைகள், 1951-இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் எல்லாம் நாம் படித்தவைதான். அந்தப் பெரிய வரலாற்றுக்குள் ஒரு சமையலறையும் சில பாய்களும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

கல்கத்தாவிலும் அதே கதை

நாம் வாழும் ஊருக்கு வருவோம். 1824-இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியில் முதலில் பிராமணர், வைத்தியர் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். 1851-இல் முதல்வரான வித்யாசாகர் அவ்வாண்டே காயஸ்தருக்கும், 1854-இல் மற்ற இந்துக்களுக்கும் கதவைத் திறந்தார்.

1893-இல் டாக்கா மாவட்டத்தில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார் மேகநாத் சாஹா. பையன் கடைக்கு உதவினால் போதும் என்பது தகப்பனார் நினைப்பு. மேல்வகுப்பு இருந்த ஊரோ தூரத்தில். அந்த ஊர் மருத்துவர் அனந்தகுமார் தாஸ் தம் வீட்டில் இடமும் சோறும் கொடுத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது. பையன் தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கூலி. பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது விடுதியில் உடன் உண்ண மறுத்தவர்களையும் அவர் பார்த்தார். 1920-இல் அவர் கண்ட அயனியாக்கச் சமன்பாடு இன்று உலகெங்கும் பாடம். முஸ்லிம் மாணவர்களுக்கு 1910-இல் பேக்கர் விடுதி எழுந்தது. 1940களில் அங்கே தங்கிப் படித்தவர் வங்கதேசத்தை உருவாக்கிய ஷேக் முஜிபுர் ரஹ்மான்.

இன்றைய நிலை

இப்போது வேறு ஒரு குறை கண்ணில் படுகிறது. 2024 பிளஸ் டூ தேர்வில் தமிழ்நாட்டு மாணவியர் 96.44 விழுக்காடு தேறினர், மாணவர் 92.37. மேற்கு வங்கத்தில் மாத்யமிக் எழுதுவோரில் பெண்கள் அதிகமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெண்கள் முன்னேறியது மகிழ்ச்சி. பையன்கள் எங்கே போனார்கள்? பதினாறு, பதினேழு வயதில் கைக்கூலி கிடைக்கிறது, வேலைக்குப் போய்விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப்புதல்வன் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது, பெண்களுக்கான திட்டம் வந்து இரண்டாண்டு கழித்து.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. கடைக்குப் பையன் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லி அனுப்புகிறவர்கள் நாம்தானே? பல ஆண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்து என் கடைக்கு வந்த ஒருவன், "ஐயா, சாயங்காலக் கல்லூரியில சேரட்டுமா?" என்று கேட்டான். "பூஜை வியாபாரம் முடியட்டும்டா, பார்க்கலாம்" என்றேன். பூஜை முடிந்தபோது கல்லூரிச் சேர்க்கையும் முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல வேலைக்காரன், இன்றும் என்னோடுதான் இருக்கிறான். நான்கு தானங்களைப் பற்றி மேடையில் பேசும்போதெல்லாம் அவன் முகம் நினைவுக்கு வருகிறது. சோறும் இடமும் கொடுத்தேன். மாலை இரண்டு மணி நேரம் கொடுக்கவில்லை.

அன்பர்களே, நம் கடைகளிலும் பட்டறைகளிலும் இப்படிப்பட்ட பையன்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒருவனை மாலையில் விடுவிப்போம். கல்லூரிக் கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். என் கடையின் மாடியறை காலியாக இருக்கிறது. நான்கு பேர் படுக்கலாம், படிக்கலாம். அதற்குப் பள்ளி என்றே பெயர் வைக்கலாம்.