ஏலத்தோட்டத்துத் தேனீயும் ஒரு நொதியும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்புகளில் தொழிலாளர்கள் இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். அங்கே கூலி வாங்காத இன்னொரு வேலையாள் உண்டு. அதுதான் தேனீ! மகரந்தம் சேர்க்க அது வராவிட்டால் ஏலக்காய் சரியாகப் பிடிக்காது.

தேனீயின் மூளையில் பூவாசனையை நினைவில் பதிக்க உதவுவது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம். வேலை முடிந்ததும் அதை உடைத்து அகற்றுவது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி.

நரம்புகள் ரசாயனத்தால் பேசுகின்றன என்பதை 1921-ல் ஆட்டோ லோவி தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். அதற்காக 1936-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அதே ஆண்டு, ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்டு ஷ்ராடர், இந்த நொதியை முடக்கும் டபூன் என்ற கொடிய விஷத்தைக் கண்டுபிடித்தார். அதே குடும்பத்தில் அவர் பின்னர் உருவாக்கியதுதான் பாரத்தியான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதன் பெயர் பாலிடால்!

1958-ல் கப்பலில் பாலிடாலோடு ஏற்றப்பட்டு விஷமேறிய உணவுப்பொருளால் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது.

ஏலச்செடியில் பேனை ஒழிக்க முன்பு அடித்துவந்த குயினால்பாஸும் இதே வகைதான். பேன், தேனீ, மனிதன் மூவரிடமும் இந்த நொதி உண்டு. மருந்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. இவ்வகை மருந்து சிறிதளவு பட்டால் தேனீ சாகாமல் போகலாம், ஆனால் வாசனையைக் கற்கும் திறன் குறைகிறது. காலையில் தேனீ வந்துபோன பிறகு, பிற்பகலில் மருந்தடிக்கச் சொல்வது இதனால்தான்.

மருந்துச் செலவு கணக்கில் வரும். தேனீ வராத நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?